நானூறு கிலோமீட்டர் பறக்க எத்தனை நிமிடம்?

இரண்டு சிறு நகர விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்துக் கணினியில் தேடினால் இரண்டு எண்கள் வந்து நிற்கும். தொலைவு 400 கிலோமீட்டர் என்று ஒன்று. பறக்கும் நேரம் 30 நிமிடம் என்று மற்றொன்று. அதே தடத்துக்கு டிக்கெட் எடுத்துப் பார்த்தால், புறப்படும் நேரத்துக்கும் சென்றுசேரும் நேரத்துக்கும் நடுவே ஒன்றேகால் மணி நேரம் போட்டிருக்கும். முதல் எண்ணை நம்பலாம். இரண்டாவது எண்ணை நம்பி, இறங்கியவுடன் பிடிக்க வேண்டிய ரயிலுக்கு யாரும் முன்பதிவு செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொலைவு எப்படிக் கிடைக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமான ஒற்றைப் புள்ளி ஒன்று உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகையோடு பதிவாகியிருக்கும் அந்தப் புள்ளி பெரும்பாலும் ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி அமையும். இரண்டு நிலையங்களின் புள்ளிகளையும் எடுத்துக்கொண்டு, உருண்டையான பூமியின் மேல் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டை அளந்தால் அதுவே தொலைவு. ஒரு பூகோள உருண்டையில் இரு ஊர்களுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் எந்த வழியில் படிகிறதோ அந்த வழி. இதைப் பெருவட்டத் தொலைவு என்பார்கள். உலக வரைபடத்தில் நீண்ட தூர விமானங்களின் பாதை துருவத்தை நோக்கி வளைந்து தெரிவது இதனால்தான். நானூறு கிலோமீட்டரில் அந்த வளைவு கண்ணுக்கே தெரியாது.

பூமி சரியான உருண்டை கிடையாது. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. சுருக்கமான சூத்திரம் இந்தத் தட்டையைக் கணக்கில் எடுப்பதில்லை. 1975-இல் புவியளவை வல்லுநர் தாடியஸ் வின்சென்டி வெளியிட்ட முறை போன்றவை அதையும் சேர்த்துக் கணக்கிடுகின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதிகம் போனால் அரை விழுக்காடு, அதாவது நானூறு கிலோமீட்டரில் இரண்டு கிலோமீட்டர். ஒரு தளத்தில் 398, இன்னொன்றில் 400 என்று பார்த்தால் எது தவறு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

உடைத்துக்கொள்ள வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது. அலகு. விமானத் துறை கடல் மைலில் பேசுகிறது. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். 1929-இல் மொனாக்கோவில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் அப்படி வரையறுத்தார்கள். அட்சரேகையின் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் நீளத்தை ஒட்டிய அளவு அது. 400 கிலோமீட்டர் என்பது 216 கடல் மைல், அல்லது 249 சாதாரண மைல். கடல் மைலில் சொன்ன 216-ஐச் சாதாரண மைல் என்று எடுத்துக்கொண்டு கிலோமீட்டருக்கு மாற்றினால் 348 வரும். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் காணாமல் போய்விடும்!

சரி, தொலைவு தெரிந்துவிட்டது. சிக்கல் என்னவென்றால் அந்தக் கோட்டின் மேல் எந்த விமானமும் முழுதாகப் பறப்பதில்லை.

விமானம் பெரும்பாலும் காற்றுக்கு எதிராக மேலெழும்பும், காற்றுக்கு எதிராக இறங்கும். எதிர்காற்று இருந்தால் குறைந்த ஓட்டத்திலேயே இறக்கைக்குத் தேவையான விசை கிடைத்துவிடும். எனவே எந்தத் திசையில் ஓடிக் கிளம்புவது என்பதைக் காற்று முடிவு செய்கிறது. போக வேண்டிய ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு அதில் வேலையில்லை. தெற்கே இருக்கும் ஊருக்குப் போகும் விமானம் வடக்கு நோக்கிக் கிளம்பி, உயரம் பிடித்து, அரை வட்டம் அடித்துத் திரும்பி, கிளம்பிய நிலையத்தைப் பக்கவாட்டில் கடந்து போவது அன்றாடக் காட்சி. கிளம்பி ஐந்து நிமிடம் ஆன பிறகும் தொலைவுக் கணக்கில் ஒரு கிலோமீட்டர்கூடக் குறைந்திருக்காது.

இறங்கும் பக்கத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஜன்னலோர இருக்கையில் இருப்பவர் கவனித்திருப்பார். கீழே ஊர் வந்துவிட்டது. ஆற்றுப் பாலம் தெரிகிறது, ஓடுபாதையின் சாம்பல் நிறக் கீற்றுகூடத் தெரிகிறது. இருக்கைப் பட்டையைப் போடச் சொல்லி ஐந்து நிமிடமாகிறது. ஆனால் விமானம் இறங்காமல் ஓடுபாதைக்கு இணையாக எதிர்த் திசையில் போய்க்கொண்டே இருக்கிறது. ஊர் பின்னால் நகர்ந்து மறைகிறது. ஏதோ கோளாறோ என்று சிலர் முகத்தில் கவலை தெரியும். ஒன்றுமில்லை. அன்றைய காற்றுக்கு ஓடுபாதையின் மறுமுனையிலிருந்துதான் இறங்க வேண்டும். அதற்கு நிலையத்தைத் தாண்டிப் போய், பத்துக் கடல் மைல் அளவுக்கு இடம் விட்டு, திரும்பி, நேர்க்கோட்டில் ஓடுபாதையைப் பார்த்து வர வேண்டும். பதினெட்டு கிலோமீட்டர் போவதும் அதே பதினெட்டைத் திரும்பி வருவதுமாக ஏழெட்டு நிமிடம் கூடிவிடும். காற்று மறுபக்கம் வீசியிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது. தடம் அதுதான், விமானம் அதுதான், விமானியும் அவர்தான். ஆனாலும் நேரம் மாறுகிறது.

இப்படி இரண்டு முனைகளிலும் சேர்ந்து ஒரு முப்பது கிலோமீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4,000 கிலோமீட்டர் பயணத்தில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 400 கிலோமீட்டரில் ஏழரை விழுக்காடு. குறுகிய தடங்களின் குணமே இதுதான். நடுவழியைவிட முனைகள்தான் நேரத்தைத் தின்கின்றன.

அந்த முனைகளில் பெரிய பங்கு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் போகிறது. ஜெட் விமானம் மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்பது உண்மை. அந்த வேகம் 35,000 அடிக்கு மேலே, மட்டமாகப் பறக்கும்போது கிடைப்பது. இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்காக ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். 36,000 அடியிலிருந்து இறங்க 108 கடல் மைல் வேண்டும். அது 200 கிலோமீட்டர். அதே உயரத்துக்கு ஏறவும் ஏறக்குறைய அவ்வளவு தூரம் பிடிக்கும். இரண்டையும் கூட்டினால் நம்முடைய 400 கிலோமீட்டர் அங்கேயே முடிந்துவிட்டது. மட்டமாகப் பறக்க இடமே மிஞ்சவில்லை. அதனால்தான் இத்தகைய தடங்களில் ஜெட் அத்தனை உயரம் போவதில்லை. இருபதாயிரம் சொச்சம் அடியில் சிறிது நேரம் மட்டமாக ஓடிவிட்டு இறங்கத் தொடங்கிவிடும். பல நாடுகளில் பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட் என்ற வேகக் கட்டுப்பாடும் இருக்கிறது. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். ஆக 250 நாட் என்பது மணிக்கு 463 கிலோமீட்டர். ஜெட்டின் கால்களைக் கட்டிப்போடும் விதி இது.

சிறு நகரங்களுக்கு நடுவே அதிகம் பறக்கும் ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப் விமானங்களை இந்த விதி ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஏடிஆர் 72-இன் வேகமானி காட்டக்கூடிய உச்ச வேகமே 250 நாட்தான். டர்போபிராப் என்றால் என்னவென்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஜெட் எஞ்சினைப் போலவே உள்ளே விசைச்சுழலி இருக்கும். ஆனால் அது சுழற்றுவது வெளியே தெரியும் பெரிய விசிறியை. மெதுவான, குறைந்த உயரப் பயணத்தில் எரிபொருளை மிச்சம் பிடிப்பதில் அதை அடித்துக்கொள்ள ஜெட்டால் முடியாது.

அந்த ஏடிஆர் நானூறு கிலோமீட்டரை எப்படிக் கடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரையில் உருண்டு ஓடுபாதைக்குப் போக எட்டு நிமிடம். கிளம்பி இருபதாயிரம் அடிக்கு ஏறப் பதினேழு நிமிடம். அதற்குள் சுமார் 110 கிலோமீட்டர் கடந்திருக்கும். மூன்று கடல் மைல் விதிப்படி இறக்கத்துக்கும் 110 கிலோமீட்டர் ஒதுக்க வேண்டும். மிஞ்சிய 180 கிலோமீட்டரை மணிக்கு 500 வேகத்தில் கடக்க 21 அல்லது 22 நிமிடம். இறக்கத்துக்குப் பதினைந்து. ஓடுபாதைக்கு நேராக வந்து தரை தொட இன்னும் எட்டு. நிறுத்துமிடத்துக்கு உருள ஐந்து. கூட்டினால் 75 நிமிடம் வருகிறது. ஒன்றேகால் மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிந்திருக்கும். அதில் முழு வேகத்தில் பறந்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஜெட்டை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கிலோமீட்டரை வேகத்தால் வகுத்தால் டர்போபிராப்புக்கு 48 நிமிடம், ஜெட்டுக்கு 29 நிமிடம். பத்தொன்பது நிமிட வித்தியாசம். நடைமுறையில் ஜெட்டும் ஒரு மணி நேரத்தை ஒட்டியே வரும். வித்தியாசம் பதினைந்து நிமிட அளவுக்குச் சுருங்கிவிடும். விசிறி வைத்த பழைய காலத்து விமானம் என்று டர்போபிராப்பைப் பார்த்து முகம் சுளிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட தடத்தில் அதுவே பொருத்தமான வண்டி. குறுகிய ஓடுபாதையில் இறங்கும். குறைந்த பயணிகளோடும் கட்டுப்படியாகும். அது இல்லையென்றால் பல சிறு ஊர்களுக்கு விமானமே இருந்திருக்காது.

தரையில் நடப்பதைச் சற்று அருகே போய்ப் பார்க்க வேண்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்படும் நேரம் விமானம் மேலெழும்பும் நேரம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நின்றிருக்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மஞ்சள் நிறத்தில் கட்டைகள் வைத்திருப்பார்கள், விமானம் தானாக நகர்ந்துவிடாமலிருக்க. அந்தக் கட்டையை எடுத்துவிட்டு விமானம் முதல் அங்குலம் நகரும் கணமே புறப்பட்ட நேரம். சென்றுசேர்ந்த ஊரில் நின்று, மறுபடியும் கட்டை வைக்கும் கணம் வந்துசேர்ந்த நேரம். கட்டையிலிருந்து கட்டை வரைக்கும் உள்ள இந்த அளவைத்தான் கால அட்டவணை சொல்கிறது. விமான நிறுவனங்கள் நான்கு நேரங்களைப் பதிவு செய்கின்றன: நகர்ந்த நேரம், தரையை விட்ட நேரம், தரையைத் தொட்ட நேரம், நின்ற நேரம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே இருப்பதுதான் உண்மையில் வானத்தில் இருந்த நேரம். நம் கணக்கில் அது 62 நிமிடம்.

பெரிய நிலையத்தில் ஓடுபாதையை ஒட்டியே இணையான தனிப்பாதை ஒன்று ஓடும். விமானங்கள் அதன் வழியாக உருண்டு வந்து ஓடுபாதையின் முனையில் ஏறும். பல சிறு நிலையங்களில் அந்த இணைப்பாதை கிடையாது. நிறுத்துமிடத்திலிருந்து வரும் ஒரு சிறிய பாதை ஓடுபாதையின் நடுவில் வந்து சேரும், அவ்வளவுதான். கிளம்ப வேண்டிய விமானம் ஓடுபாதை மீதே முனைவரைக்கும் மெதுவாக உருண்டு போக வேண்டும். முனையில் அதற்கென்று அகலப்படுத்திய இடத்தில் நின்ற நிலையில் முழுதாகத் திரும்பி, வந்த வழியைப் பார்த்து நின்று, பிறகு ஓடத் தொடங்க வேண்டும். பயணிகளுக்கு உள்ளேயிருந்து பார்க்க இது விசித்திரமாக இருக்கும். ஓடுபாதைக்கு வந்துவிட்டோம், ஆனால் மாட்டுவண்டி வேகத்தில் போகிறோம், பிறகு யூ திருப்பம் போடுகிறோம். இரண்டு கிலோமீட்டர் ஓடுபாதை என்றால் இதற்கே நான்கு நிமிடம் பிடித்துவிடும். அந்த நான்கு நிமிடமும் ஓடுபாதையில் வேறு விமானம் இறங்க முடியாது. இறங்க வந்த ஒன்று மேலே வட்டமடித்துக் காத்திருக்கும். அங்கே ரேடார் வசதியும் இல்லாவிட்டால், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், விமானிகள் வானொலியில் சொல்லும் இடத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடைவெளி பிரிக்க வேண்டும். ரேடார் திரையில் தெரிந்தால் சில கடல் மைல் போதும் என்கிற இடைவெளி, இங்கே பல நிமிடங்களாக நீண்டுவிடும். சிறிய நிலையம், கூட்டமில்லை, ஆகவே சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்ற எண்ணம் பாதிதான் சரி.

அட்டவணை நேரத்தில் இன்னொன்றும் கலந்திருக்கிறது. அது அந்தத் தடத்தில் முன்பு பறந்த விமானங்கள் எடுத்துக்கொண்ட நேரங்களைப் பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் கையிருப்பும் வைத்து முடிவு செய்வது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில், அட்டவணை நேரத்துக்குப் பிறகு பதினைந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது குறித்த நேரத்தில் வந்த விமானம். நேரம் தவறாத நிறுவனம் என்ற பெயர் வேண்டுமென்றால் அட்டவணையிலேயே சற்றுத் தாராளமாகப் போட்டுவிடுவது எளிது. விமானம் இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது என்று அறிவிப்பு வரும்போது விமானி விரட்டி ஓட்டினார் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு எந்தத் தடங்கலும் வரவில்லை, வைத்திருந்த கையிருப்பு செலவாகவில்லை. பயணியை ஏமாற்றும் வேலை என்று இதைச் சிலர் சாடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு, பத்தில் நான்கு நாள் தவறும் துல்லியத்தைவிடப் பத்தில் எட்டு நாள் காப்பாற்றும் தாராளம் மேல்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் நேரத்தைப் பற்றிப் பேச முடியாது. மணிக்கு 500 கிலோமீட்டர் வேக விமானத்துக்கு 80 கிலோமீட்டர் எதிர்காற்று இருந்தால் நானூறு கிலோமீட்டருக்கு 57 நிமிடம். அதுவே பின்காற்றானால் 41 நிமிடம். ஒரே தடத்தில் போகும்போது ஒன்றேகால் மணி நேரமும் திரும்பும்போது ஒரு மணி நேரமும் போட்டிருப்பதற்கு முதல் காரணம் இது. போகும்போது இழந்ததைத் திரும்பும்போது பெற்றுவிடலாம் என்று தோன்றும். முடியாது. காற்றே இல்லாவிட்டால் இரு வழிக்கும் சேர்த்து 96 நிமிடம். காற்று இருந்தால் 57-ம் 41-ம் சேர்ந்து 98 நிமிடத்துக்கு மேல். எதிர்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் இருக்கிறது. பின்காற்றில் சீக்கிரம் போய்விடுவதால் அதன் உதவியைக் குறைந்த நேரமே அனுபவிக்கிறது. எந்தத் திசையில் நிலையாக வீசினாலும் இரு வழிப் பயணத்தைக் காற்று கொஞ்சமாவது நீட்டியே தீரும். மேலடுக்கில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் வலுவான காற்றோட்டத்தை ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓய்ஷி 1920-களிலேயே பலூன் விட்டு அளந்துவிட்டார். டர்போபிராப் பறக்கும் உயரத்துக்கு மேலேதான் அதன் முழுப் பலம் இருக்கிறது. ஆகவே அதன் ஆட்டமெல்லாம் பெரும்பாலும் நீண்ட தூர ஜெட்களோடுதான்.

எல்லை தாண்டும் தடங்களில் கடிகாரமும் குழப்பும். டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். இரண்டையும் நேராகக் கழித்தால் பயண நேரம் வராது. உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக்கொண்டு கழிக்க வேண்டும். ஒரே நாட்டுக்குள்ளும் இது நடக்கும். ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் விமான நிலையத்தின் ஓடுபாதையே குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் என்ற இரு மாநிலங்களின் எல்லைக் கோட்டின் மேல் கிடக்கிறது. கோடைக்காலத்தில் நியூ சவுத் வேல்ஸ் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும், குயின்ஸ்லாந்து தள்ளாது. அந்த மாதங்களில் ஓடுபாதையின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் சட்டப்படி ஒரு மணி நேர வேறுபாடு! நிலையம் குயின்ஸ்லாந்து நேரத்தைப் பின்பற்றுகிறது. அங்கிருந்து சிட்னிக்குச் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். கோடையில் அட்டவணையைக் கழித்துப் பார்த்தால் போக இரண்டரை மணி, வர அரை மணி என்று காட்டும்.

சில தடங்களில் தொலைவு என்ற சொல்லுக்கே தனிப் பொருள் வந்துவிடுகிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே 1967 முதல் லோகன்ஏர் விமானம் பறக்கிறது. தொலைவு 2.7 கிலோமீட்டர், எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதையும் ஏறக்குறைய அவ்வளவு நீளம்தான். எட்டுப் பேர் அமரும் பிரிட்டன்-நார்மன் ஐலாண்டர் விமானம் அதைக் கடக்க அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று வசமாக அமைந்த ஒரு நாளில் 53 விநாடியில் கடந்ததே சாதனை. அந்த விமானத்தின் வேகத்தில் வகுத்தால் நாற்பது விநாடி வரும். உலகிலேயே மிகக் குறுகிய இந்தத் தடத்திலும் அட்டவணை நேரம் கணக்கைப் போல மூன்று மடங்கு!

நேபாளத்தின் லுக்லா இன்னொரு துருவம். எவரெஸ்ட் பக்கம் போகிறவர்கள் இறங்கும் மலை நிலையம் அது. 527 மீட்டர் ஓடுபாதை, ஏறத்தாழ 12 விழுக்காடு சரிவு, ஒரு முனையில் மலைச் சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. காத்மாண்டுவிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 135 கிலோமீட்டர். அரை மணி நேரம். மலையேற்றப் பருவத்தில் காத்மாண்டு நிலையத்தில் நெரிசல் மிகுவதால் பல விமானங்களை ராமேச்சாப் என்ற சிறு நிலையத்திலிருந்து விடுகிறார்கள். அங்கிருந்து லுக்லா சுமார் 75 கிலோமீட்டர். இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். பறக்கும் நேரம் குறைந்துவிட்டது. ஆனால் பகலேறினால் லுக்லாவில் காற்றும் மேகமும் சூழ்ந்துவிடும். விமானங்கள் காலையிலேயே முடிந்தாக வேண்டும். அந்தக் காலை விமானத்துக்காகப் பயணிகள் காத்மாண்டுவிலிருந்து நடு இரவில் கிளம்பி, நான்கைந்து மணி நேரம் மலைச் சாலையில் குலுங்கிக்கொண்டு ராமேச்சாப் வருகிறார்கள். தொலைவு பாதியானது, பயணம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது.

நார்வேக் கடற்கரையில் கதை நேர்மாறு. கடல் நிலத்துக்குள் புகுந்து கிடப்பதால் எதிரே தெரியும் ஊருக்குச் சாலையில் போக வளைந்து வளைந்து, படகும் ஏறி இறங்கிப் போக வேண்டியிருக்கும். 1968-இல் அங்கே 800 மீட்டர் அளவேயுள்ள குட்டி ஓடுபாதைகளைத் திறக்கத் தொடங்கினார்கள். விடேரோ நிறுவனத்தின் டேஷ் 8 விமானங்கள் ஓர் ஊரில் இறங்கி, சிலரை ஏற்றி, பதினைந்து இருபது நிமிடத்தில் அடுத்த ஊரில் இறங்கி, நகரப் பஸ் போலவே போய்க்கொண்டிருக்கும். நூறு கிலோமீட்டர் பறப்பது வீண் ஆடம்பரம் என்று சமவெளியில் இருப்பவருக்குத் தோன்றலாம். அந்த ஊர்க்காரருக்கு அது மருத்துவமனைக்குப் போகும் வழி. நல்ல ரயில் இருக்கும் இடத்தில் நியாயம் வேறு: பிரான்ஸ் 2023-இல், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய சில உள்நாட்டுத் தடங்களில் விமானத்தையே தடை செய்துவிட்டது.

இவ்வளவும் நேரடி விமானம் இருந்தால் நடக்கிற கதை. இரண்டு சிறு நிலையங்களுக்கு நடுவே பெரும்பாலும் அது இருப்பதில்லை. தேடும் தளங்கள் இதைச் சொல்வதும் இல்லை. எந்த இரண்டு புள்ளிகளைக் கொடுத்தாலும் தொலைவும் நேரமும் கணக்கிட்டுத் தந்துவிடும், அங்கே ஒரு விமானமும் பறக்காவிட்டாலும்கூட. ஐம்பது நிலையங்கள் உள்ள ஒரு நாட்டை எடுத்துக்கொண்டால், இரண்டிரண்டாகச் சேர்த்தால் 1,225 ஜோடிகள். எல்லா ஜோடிக்கும் விமானம் விட எந்த நிறுவனத்தாலும் முடியாது. அவற்றில் ஒன்றை மையமாக வைத்து மற்ற ஊர்களை அதனோடு இணைத்தால் 49 தடங்கள் போதும். அமெரிக்காவில் 1978-இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு இந்த முறை வேகமாகப் பரவியது. இன்று உலகின் பல இடங்களில் இந்த முறைதான்.

அப்படிப் போகும்போது நம் 400 கிலோமீட்டர் என்ன ஆகிறது? முதல் ஊரிலிருந்து மைய நிலையத்துக்கு 300 கிலோமீட்டர், 65 நிமிடம். அங்கே இறங்கி அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரக் காத்திருப்பு. அங்கிருந்து 350 கிலோமீட்டர், 70 நிமிடம். பறந்த தொலைவு 650 கிலோமீட்டர், எடுத்த நேரம் நான்கேகால் மணி. ஏற்றமும் இறக்கமும் உருளுதலும் இரண்டு முறை. இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுத்திருந்தால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரே முன்பதிவில் இரண்டு பயணமும் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது மாற்று ஏற்பாடு செய்வது பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனது போனதுதான்.

ஆகவே தோராயமாக நேரம் தெரிந்துகொள்ள விரும்பினால் நான் பயன்படுத்தும் கணக்கு இது: நேரடி விமானம் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு, கிலோமீட்டரை வேகத்தால் வகுத்து, அதோடு அரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். டர்போபிராப்புக்கு வேகம் 500, ஜெட்டுக்கு 830. நானூறு கிலோமீட்டருக்கு டர்போபிராப் 78 நிமிடம், ஜெட் 59 நிமிடம் என்று வரும். அட்டவணையோடு ஒப்பிட்டால் ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் பிசகாது. எந்த வகை விமானம் என்பது முன்பதிவுப் பக்கத்திலேயே இருக்கும், பலர் கவனிப்பதில்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் தடங்களில் இந்த அரை மணி நேரம் கணக்கில் அமுங்கிவிடும். இருநூறு கிலோமீட்டர் தடத்திலோ அதுவே பறக்கும் நேரத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

உறுதி செய்யும்போது நாளையும் மாதத்தையும் பார்க்க வேண்டும். சிறு நகரத் தடங்களில் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் விமானம் இருப்பது சாதாரணம். உலக விமான அட்டவணைகள் ஆண்டுக்கு இரண்டு முறை மாறுகின்றன. கோடை அட்டவணை மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்றும் குளிர்கால அட்டவணை அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்றும் தொடங்கும். ஆட்கள் நிறையாத தடங்களை நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு ஞாயிறுகளில்தான் சத்தமில்லாமல் எடுத்துவிடுகின்றன. ஜூலையில் இருந்த செவ்வாய்க்கிழமை விமானம் நவம்பரில் இருக்கிறதா என்பதை அந்தந்த விமான நிலையத்தின் நடப்பு அட்டவணையில் பார்த்துவிட்டே பயண நாளைக் குறிக்க வேண்டும்.